நகர மையத்துச் சட்டமன்றத் தொகுதி ஒன்றின் வரலாற்றை எழுதுவது எப்படி: சென்னைத் துறைமுகம் தொகுதியை முன்வைத்து

ஒரு சட்டமன்றத் தொகுதியின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, 1952 தொடங்கி வென்றவர்களின் பெயர்களை வரிசையாகத் தாளில் எழுதிக்கொள்வதுதான். அந்தப் பட்டியலை அரை மணி நேரத்தில் தயாரித்துவிடலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு எழுதும் வரலாறு, குறிப்பாகச் சென்னையின் பழைய நகர்ப்பகுதியில் உள்ள தொகுதிகளைப் பொறுத்தவரை, பாதிக்குமேல் தவறாகவே முடியும். பெயர் அப்படியே இருக்க, அதன் கீழிருக்கும் தெருக்கள் மாறிப்போயிருக்கும். தெருக்கள் அப்படியே இருந்தால், அவற்றில் குடியிருந்தவர்கள் போய் அங்கே கிடங்குகள் வந்திருக்கும். எனவே எல்லையை முதலிலும், மக்களை அடுத்தும், வென்றவர்களை அதற்குப் பிறகும் எடுத்துக்கொள்வதே சரியான வரிசை என்பது என் கருத்து. துறைமுகம் தொகுதியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு அந்த வரிசையிலேயே வேலையை விளக்குகிறேன். சேப்பாக்கம், எழும்பூர், ஆயிரம் விளக்கு என எந்தத் தொகுதியை எடுத்தாலும் முறை இதுதான்.

எல்லையிலிருந்து தொடங்குதல்

முதலில் ஒரு வெற்றுத்தாளில் தொகுதி மறுவரையறை நடந்த ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 1952 தேர்தலில் அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு 375 இடங்கள் இருந்தன. ஆந்திரம் பிரிந்து, மொழிவழி மாநில அமைப்பும் நடந்தேறிய பின் 1957இல் அது 205 ஆயிற்று, 1962இல் 206, 1967 முதல் இன்றுள்ள 234. இந்த எண் மாறிய ஒவ்வொரு முறையும் எல்லைகளும் நகர்ந்திருக்கின்றன. எண் மாறாமலேயே எல்லைகள் நகர்ந்த தருணங்கள் இரண்டு உண்டு. 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் நடந்து 1977 தேர்தலில் நடைமுறைக்கு வந்த மறுவரையறை ஒன்று. 2001 கணக்கெடுப்பின் அடிப்படையில் 2008இல் ஆணையாகி, சட்டமன்றத் தேர்தலில் முதன்முறையாக 2011இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறை மற்றொன்று. இவற்றுக்கிடையே 30 ஆண்டுகளுக்கு மேல் எதுவும் அசையவில்லை. அவசரநிலைக் காலத்தில் 1976இல் நிறைவேறிய 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மறுவரையறையை நிறுத்திவைத்ததே அதற்குக் காரணம்.

இதன் விளைவு நகர மையத்தில் எப்படித் தெரிந்தது என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 1977 முதல் 2006 வரை சென்னை மாவட்டத்தில் 14 தொகுதிகள் இருந்தன. 2011 முதல் 16. மேலோட்டமாகப் பார்த்தால் நகரம் வளர்ந்தது, இடங்களும் கூடின என்று தோன்றும். உள்ளே நுழைந்து பாருங்கள். பூங்கா நகர், புரசைவாக்கம் என்ற இரண்டு பழைய தொகுதிகளும் மறைந்தன; சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் ஒன்றாக இணைந்து ஒரே தொகுதியாயின. ஆக, பழைய நகர்ப்பகுதியில் மூன்று இடங்கள் குறைந்தன. மறுபுறம் கொளத்தூர், வில்லிவாக்கம், திரு.வி.க. நகர், விருகம்பாக்கம், வேளச்சேரி என ஐந்து பெயர்கள் பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் வில்லிவாக்கம் என்ற பெயர் புதிதல்ல; முன்பு அண்டை மாவட்டத்துத் தொகுதியாக, வாக்காளர் எண்ணிக்கையில் பூதாகரமாக வீங்கிப்போயிருந்தது அது. மையத்தில் மூன்று போய், பெரும்பாலும் விளிம்பை ஒட்டி ஐந்து வந்ததால்தான் மொத்தக் கணக்கில் இரண்டு கூடியிருக்கிறது. 'சென்னைக்கு இரண்டு இடங்கள் அதிகம்' என்று மட்டும் எழுதி நகர்ந்துவிட்டால், உள்நகரம் மூன்று இடங்களை இழந்த கதை காணாமற்போகிறது.

மறுவரையறை ஆணைகளைப் படிக்கும்போது பொறுமை வேண்டும். அவை தெருப் பெயர்களில் பேசுவதில்லை. மாநகராட்சி வட்ட (வார்டு) எண்களில் பேசுகின்றன. அந்த வட்ட எண்களும் நிலையானவை அல்ல. 2008 ஆணை வந்தபோது சென்னை மாநகராட்சியில் 155 வட்டங்கள் இருந்தன. 2011இல் மாநகராட்சி விரிவாக்கப்பட்டு 200 வட்டங்களாகப் புதிதாக எண்ணிடப்பட்டன. ஆகவே ஆணையில் காணும் வட்ட எண்ணை இன்றைய வட்ட வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால், துறைமுகத்தைச் சேர்ந்த தெரு எங்கோ வேறிடத்தில் போய் நிற்கும். அந்தந்த ஆணைக்கு அந்தந்தக் காலத்து வட்ட வரைபடத்தையே தேடி எடுக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை மாவட்டவாரியாக வெளியிட்ட கையேடுகளில் வட்டவாரியான மக்கள்தொகை இருக்கும். எல்லையையும் மக்களையும் சேர்த்துப் பார்க்க இவை உதவும்.

தொகுதி எண்ணிலும் இதே வில்லங்கம் உண்டு. பழைய பட்டியலில் இராயபுரம் 1, துறைமுகம் 2 எனத் தொடங்கிச் சைதாப்பேட்டை 14 வரை சென்னையின் எண்கள் ஓடின. இன்று துறைமுகத்தின் எண் 18. பழைய 11 சேப்பாக்கம். இன்றைய 11 ஆர்.கே. நகர். எண்ணை வைத்துத் தகவல்களைத் தொகுத்த ஒரு கோப்பில் சேப்பாக்கத்தின் பழைய முடிவுகளையும் ஆர்.கே. நகரின் புதிய முடிவுகளையும் ஒரே தொகுதியினுடையவை என்று எண்ணி நானே ஒரு முழு மாலைப்பொழுதை வீணாக்கியிருக்கிறேன். எண்ணை நம்பாதீர்கள், பெயரையும் ஆண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

பெயரை முழுதாக நம்புவதற்கும் இல்லை என்பது வேறு செய்தி. ஆங்கிலப் பட்டியல்களில் ஹார்பர், பார்க் டவுன், தௌசண்ட் லைட்ஸ், டிரிப்ளிகேன், எக்மோர் என்றிருப்பவை தமிழ்ப் பதிவுகளில் துறைமுகம், பூங்கா நகர், ஆயிரம் விளக்கு, திருவல்லிக்கேணி, எழும்பூர் என்று இருக்கும். பழைய நாளிதழ்களைப் புரட்டும்போது இரண்டு வடிவங்களையும் தேட வேண்டும். வண்ணாரப்பேட்டை, பேசின் பிரிட்ஜ் போன்ற பெயர்களில் 1977க்கு முன் தொகுதிகள் இருந்தன என்பதையும், சேப்பாக்கம், அண்ணா நகர், ஆர்.கே. நகர் ஆகியவை 1977இல்தான் தொகுதிப் பெயர்களாக வந்தன என்பதையும் மறக்கக் கூடாது. நாடாளுமன்றத் தொகுதியையும் உடன் குறித்து வையுங்கள். துறைமுகம் 2008 மறுவரையறைக்கு முன்பு வட சென்னையில் இருந்தது. இப்போது மத்திய சென்னையில் இருக்கிறது.

சுதந்திரத்துக்கு முந்தைய காலத்துக்கு எவ்வளவு தூரம் போவது என்று கேட்டால், சுருக்கமாக நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். 1937இல் அமைந்த 215 உறுப்பினர் பேரவையில் மதவாரித் தொகுதிகளும், பெண்கள், தொழிலாளர், வணிகர், நிலவுடைமையாளர் ஆகியோருக்கான தனி இடங்களும் கலந்திருந்தன. வாக்குரிமையும் எல்லோருக்கும் இல்லை. அந்த அமைப்பை இன்றைய தொகுதியின் 'முன்னோடி' என்று காட்ட முயல்வது வலிந்து பொருத்துவதாகவே முடியும். ஒரு பத்தி போதும்.

மண்ணும் மக்களும்

துறைமுகம் தொகுதியின் நிலப்பரப்பைப் புரிந்துகொள்ளாமல் அதன் தேர்தல் முடிவுகளைப் புரிந்துகொள்ள முடியாது. புனித ஜார்ஜ் கோட்டை இந்தத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. அதாவது, சட்டமன்றம் கூடும் இடமே இந்தச் சட்டமன்றத் தொகுதியின் ஒரு மூலை. கோட்டைக்கு வடக்கே, ஒரு காலத்தில் கறுப்பர் பட்டணம் என்று வெள்ளையர்கள் அழைத்து, பின்னர் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றிய பகுதி. பாரிமுனை, பிராட்வே, முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை, மண்ணடி, சௌகார்பேட்டை என ஒவ்வொரு பெயரும் ஒரு தனி உலகம். மண்ணடியில் தமிழ் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள். சௌகார்பேட்டையில் மார்வாரி, குஜராத்திக் குடும்பங்கள். பல தலைமுறைகளாக வாழும் தெலுங்கு பேசுவோர். துறைமுகத்தையும் மொத்த வணிகத்தையும் நம்பி வாழ்ந்த கூலித் தொழிலாளர்கள். இந்தக் கலவையை ஒரே வரியில் 'பன்முகத்தன்மை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாமல், எந்தத் தெரு எந்த வாக்குச்சாவடிக்குப் போகிறது என்பது வரை இறங்கிப் பார்க்க வேண்டும்.

அதற்கான கருவி வாக்காளர் பட்டியல். பட்டியல் பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாகத்தின் முகப்பிலும் அதில் அடங்கிய தெருக்களின் பெயர்களும் வாக்குச்சாவடி அமைந்த பள்ளியின் பெயரும் இருக்கும். உள்ளே பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். சென்னையில் பழைய எண், புது எண் என இரண்டு கதவிலக்கங்கள் ஓடுவதால், ஒரே வீடு இரண்டு பட்டியல்களில் இரண்டு எண்களோடு வருவது சாதாரணம். பத்தாண்டு இடைவெளியுள்ள இரண்டு பட்டியல்களில் ஒரே தெருவை எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் ஒரு கதவிலக்கத்தின்கீழ் 14 பேர் இருந்து இரண்டாவதில் அந்த இலக்கமே இல்லாமற்போனால், அங்கே வீடு இடிந்து கடையோ கிடங்கோ வந்திருக்கலாம் என்று ஊகித்து, நேரில் போய்ச் சரிபார்க்கலாம். பத்துத் தெருக்களுக்கு இதைச் செய்தால், எந்த ஆய்வறிக்கையும் தராத ஒரு சித்திரம் கிடைக்கும். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள தனிநபர்களின் பெயரையோ முகவரியையோ கட்டுரையில் வெளியிடக் கூடாது. எண்ணிக்கையாக மட்டுமே பயன்படுத்துங்கள்.

குடியிருப்பு குறைந்து வணிகம் பெருகுவதே நகர மையத் தொகுதிகளின் பொதுவான போக்கு. சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் ஏறத்தாழ 43.4 லட்சமாகவும் 2011இல் 46.5 லட்சமாகவும் இருந்தது. அதாவது பத்தாண்டுகளில் 7 விழுக்காடுதான் வளர்ச்சி. மாநிலம் முழுவதும் அதே காலத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. 2021 தேர்தலில் சோழிங்கநல்லூரில் ஆறு லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள் இருக்க, துறைமுகத்தில் இரண்டு லட்சம்கூட இல்லை. தகவல் தொழில்நுட்பச் சாலையோரத்து வாக்காளர் ஒருவரின் வாக்கைப் போல ஜார்ஜ் டவுன் வாக்காளரின் வாக்குக்கு மூன்று மடங்குக்கு மேல் எடை என்று இதைப் படிக்கலாம். அடுத்த மறுவரையறை வரும்போது இந்தத் தொகுதியின் கதி என்னவாகும் என்ற கேள்வியும் இங்கேயே பிறக்கிறது.

1996ஆம் ஆண்டைத் தனியாக வட்டமிட்டுக்கொள்ளுங்கள். கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறி மொத்த வணிகம் கோயம்பேட்டுக்குப் பெயர்ந்த ஆண்டு அது. ஒரு சந்தை இடம்பெயர்ந்தால், அதை நம்பியிருந்த சுமை தூக்குவோரும், வண்டி இழுப்போரும், இரவுக் கடை நடத்துவோரும் மெல்ல மெல்ல அதன் பின்னால் போவார்கள். இத்தகைய மாற்றத்துக்கும் வாக்குகளின் ஏற்றத்தாழ்வுக்கும் நேரடித் தொடர்பு காட்டுவது எளிதல்ல; காட்ட முடியாவிட்டால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு முடிவை வாசகரிடம் விட்டுவிடுவதே நேர்மை.

தேர்தல் முடிவுகளைப் படித்தல்

இந்தியத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை வெளியிட்டிருக்கிறது. 1952 முதல் அனைத்தும் இணையத்தில் கிடைக்கின்றன. தொகுதிக்கான பக்கத்தில் வேட்பாளர்கள், கட்சி, பெற்ற வாக்குகள், மொத்த வாக்காளர்கள், பதிவானவை, செல்லாதவை என எல்லாம் இருக்கும். இவற்றை அப்படியே ஓர் அட்டவணையில் ஏற்றும்முன் சில பொறிகளை அறிந்திருக்க வேண்டும்.

முதல் பொறி, அட்டவணையில் கட்சி என்ற நெடுவரிசை. திமுக முதன்முதலில் போட்டியிட்ட 1957 தேர்தலில் அதன் வேட்பாளர்கள் ஆணையத்தின் அறிக்கையில் சுயேச்சைகளாகவே பதிவாகியிருக்கிறார்கள். அந்த ஆண்டு எழும்பூரில் வென்ற க. அன்பழகன் ஒரு 'சுயேச்சை' என்று யாராவது எழுதியிருந்தால், அவர் அறிக்கையைப் பார்த்திருக்கிறார், நாளிதழைப் பார்க்கவில்லை என்று பொருள். 1989 தேர்தலில் அதிமுக இரண்டு அணிகளாக, சேவல் சின்னத்திலும் இரட்டைப் புறா சின்னத்திலும் நின்றது. அவற்றைக் கூட்டி ஒரே கட்சியாகக் காட்டுவதும், ஒன்றை மட்டும் காட்டுவதும் இரண்டுமே பிழை. கூட்டணிகள் அறிக்கையில் இடம்பெறுவதே இல்லை. பூங்கா நகரில் சுதந்திராக் கட்சியின் எச்.வி. ஹண்டே 1967இல் வென்றதை, அந்தத் தேர்தலில் சுதந்திராவும் திமுகவும் ஒரே அணியில் இருந்தன என்ற செய்தி இல்லாமல் விளக்க முடியாது.

இரண்டாவது பொறி வாக்காளர் எண்ணிக்கை. 1989 ஜனவரித் தேர்தலுக்கும் 1991 தேர்தலுக்கும் இடையில் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது. அந்த இரண்டு ஆண்டுகளுக்கிடையே வாக்காளர் தொகை கூடியிருந்தால், தொகுதிக்குள் மக்கள் புதிதாகக் குடியேறினார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

மூன்றாவது பொறி இடைத்தேர்தல்கள். பொதுத்தேர்தல் அறிக்கைகளை மட்டும் அடுக்கினால் இடையில் நடந்தவை விடுபட்டுப்போகும். ஆர்.கே. நகரின் வரலாற்றை 2015, 2017 இடைத்தேர்தல்கள் இல்லாமல் எழுதினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வாக்குச்சாவடி வாரியான முடிவுகள் படிவம் 20இல் இருக்கும். அண்மைத் தேர்தல்களுக்கு மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். 2001இல் தமிழகம் முழுவதும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வந்துவிட்டது. அதற்கு முந்தைய பல தேர்தல்களில் பல சாவடிகளின் வாக்குச்சீட்டுகளைக் கலந்தே எண்ணினார்கள் என்பதால், மண்ணடி எப்படி வாக்களித்தது, சௌகார்பேட்டை எப்படி வாக்களித்தது என்று அந்தக் காலத்துக்குத் துல்லியமாகச் சொல்ல வழியில்லை. 'இந்தச் சமூகம் அந்தக் கட்சிக்கே வாக்களித்தது' என்று 1970களைப் பற்றி உறுதியாக எழுதும் எவரையும் ஐயத்தோடு படியுங்கள்.

இனி வென்றவர்கள். 1957இல் துறைமுகத்திலிருந்து தேர்வான காங்கிரஸ்காரர் யு. கிருஷ்ணா ராவ் அந்தப் பேரவையின் சபாநாயகராகவும் ஆனார். 1977க்குப் பின் தொகுதி திமுகவின் கோட்டை என்ற பெயரைப் பெற்றது. அ. செல்வராசன் 1977, 1980, 1984 ஆகிய மூன்று தேர்தல்களிலும், மு. கருணாநிதி 1989, 1991 ஆகிய இரண்டிலும், க. அன்பழகன் 1996, 2001, 2006 ஆகிய மூன்றிலும் வென்றனர். 2011இல் அதிமுகவின் பழ. கருப்பையா வென்றார், 2016, 2021 தேர்தல்களில் திமுகவின் பி.கே. சேகர்பாபு.

'கோட்டை' என்ற சொல்லை எழுதும்முன் வாக்கு வித்தியாசத்தைப் பார்த்துவிடுங்கள். ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் 1991 ஜூனில் நடந்த தேர்தலில் மாநிலமெங்கும் திமுக துடைத்தெறியப்பட, துறைமுகத்தில் கருணாநிதி காங்கிரசின் கே. சுப்புவை வெறும் 890 வாக்குகளில் முந்தினார். பிறகு அந்த இடத்திலிருந்து விலகியும் விட்டார். 2006இல் திமுக கூட்டணி ஆட்சியைப் பிடித்த தேர்தலிலேயே, கட்சியின் பொதுச்செயலாளரான அன்பழகன் மதிமுக வேட்பாளரைவிட 410 வாக்குகள் மட்டுமே அதிகம் பெற்றார். இருவரில் எவரும் 27,000 வாக்குகளைத் தொடவில்லை. எட்டுப் பொதுத்தேர்தல்கள் தொடர்ந்து ஒரே கட்சி வென்றது என்பதும் உண்மை. அவற்றில் இரண்டு, ஒரு தெருவின் வாக்காளர்கள் வீட்டிலேயே இருந்திருந்தால் மாறியிருக்கும் என்பதும் உண்மை. இரண்டையும் எழுதினால்தான் அது வரலாறு.

அன்பழகனின் தொகுதிகளை ஆண்டுவாரியாக வரைபடத்தில் குறித்துப் பார்ப்பது இன்னொரு பயனுள்ள பயிற்சி. எழும்பூர், புரசைவாக்கம், பூங்கா நகர், அண்ணா நகர், துறைமுகம், கடைசியாக 2011இல் தோற்ற வில்லிவாக்கம். ஒரே மனிதர் நகரத்தின் பாதித் தொகுதிகளில் நின்றிருக்கிறார். அவற்றில் இரண்டு இன்று இல்லவே இல்லை. ஒரு தலைவர் தொகுதி மாறினார் என்று நாளிதழ் எழுதும்போது, தொகுதியே அவரடியிலிருந்து நகர்ந்துபோனதா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். கருணாநிதி 1996 முதல் 2006 வரை மூன்று முறை வென்ற சேப்பாக்கமும், 2011இல் ஜெ. அன்பழகனும் 2021இல் உதயநிதி ஸ்டாலினும் வென்ற சேப்பாக்கம்–திருவல்லிக்கேணியும் ஒன்றல்ல. 'தாத்தாவின் தொகுதியில் பேரன்' என்ற தலைப்பு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வரைபடம் அதைப் பாதிதான் ஒப்புக்கொள்ளும்.

எங்கே தேடுவது, யாரைக் கேட்பது

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசிதழ்களும் அரசாணைகளும், அருகிலேயே கன்னிமாரா பொது நூலகத்தில் பழைய நாளிதழ்த் தொகுதிகளும், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இதழ்களும் துண்டறிக்கைகளும் கிடைக்கும். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். கேள்வி நேரத்தில் தொகுதி உறுப்பினர் எழுப்பிய குடிநீர், கழிவுநீர், குடிசைமாற்று வாரிய வீடு பற்றிய வினாக்கள், தேர்தல் புள்ளிவிவரம் காட்டாத தொகுதியைக் காட்டும். நாளிதழ்களில் குறைந்தது இரண்டையாவது, ஒன்று கட்சி சார்ந்ததும் மற்றது சாராததுமாக, ஒரே நாளுக்கு எடுத்து ஒப்பிடுங்கள்.

நேரில் கேட்பதானால், முன்னாள் உறுப்பினர்களைவிட வட்டச் செயலாளர்களாகவும் பூத் ஏஜென்டுகளாகவும் இருந்து முதுமையடைந்தவர்களையே முதலில் தேடுங்கள். எந்தச் சந்தில் எந்தக் கட்சிக்குச் சுவர் கிடைக்கும், எந்தச் சாவடியில் காலை ஏழு மணிக்கே வரிசை நிற்கும் என்பதை அவர்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். ஆனால் ஆண்டுகளைக் குழப்புவார்கள். 1984ஐயும் 1989ஐயும் ஒரே மூச்சில் கலந்துவிடுவார்கள். 'தேர்தல் எப்போது நடந்தது?' என்று கேட்காதீர்கள். 'அப்போது எம்.ஜி.ஆர். இருந்தாரா? கொத்தவால் சாவடியில் சந்தை இருந்ததா?' என்று கேளுங்கள். எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பரில். சந்தை போனது 1996இல். இந்த இரண்டு பதில்கள் கிடைத்தாலே, அவர் சொல்லும் நிகழ்ச்சி எந்தத் தேர்தலுக்கு உரியது என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பிறகு அதை அன்றைய நாளிதழோடு ஒத்துப் பாருங்கள்.

எழுத உட்காரும்போது ஆட்சியாண்டு வாரியாகப் பிரிக்காமல், மறுவரையறை வாரியாக இயல்களைப் பிரியுங்கள். துறைமுகத்துக்கு அப்படிப் பிரித்தால் 1952 முதல் 1971 வரையான அலைபாய்ந்த எல்லைகளின் காலம், 1977 முதல் 2006 வரையான உறைந்த எல்லையின் காலம், 2011க்குப் பிந்தைய காலம் என மூன்று பகுதிகள் வரும். நடுப்பகுதியே நீளமானதாக அமையும். எல்லை நெடுங்காலம் அசையாததால் தேர்தலுக்குத் தேர்தல் ஒப்பிட்டுப் பார்க்க அதிகம் இடம் தருவதும் அந்தப் பகுதிதான். மற்ற இரண்டிலும் ஒப்பீடு செய்யும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால், எந்த எல்லையைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை வாசகருக்குச் சொல்லிவிடுங்கள்.